விலை மலிந்த ஊரா, வாழத் தகுந்த ஊரா?

பெங்களூருவில் வாடகை உயரும்தோறும் வீட்டுக்கடன் நாடி வருவோர் முன்வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. நகரத்திற்குள் வீடு வாங்க இயலவில்லை. குடும்பத்தோடு எந்தப் புறநகருக்குக் குடிபெயரலாம் என்பதே அது. கிழக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டியே பலரின் தேடலும் நகர்கிறது. ஒயிட்ஃபீல்டில் விலை கட்டுப்படியாகாதவர்கள் மாலூரைப் பார்க்கிறார்கள்; மாலூரிலும் விலை ஏறியபின் பங்காருபேட்டையைப் பார்க்கிறார்கள். பங்காருபேட்டையில் பிரியும் கிளைப்பாதையின் இறுதியில் மாரிக்குப்பம் நிலையம் இருக்கிறது. அதுவே கோலார் தங்கவயல். தமிழ் பேசும் ஊர், இதமான தட்பவெப்பம், கைக்கெட்டும் விலை என்னும் மூன்று காரணங்களால் பல தமிழ்க் குடும்பங்களின் கண் இன்று அவ்வூரின்மேல் பதிந்திருக்கிறது.

இத்தேர்வு குறித்து நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சதுர அடியின் விலை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. காலையில் வேலைக்குப் புறப்படுபவர் ஊருக்கு வெளியே பகலைக் கழிக்கிறார். புறப்படாத பிள்ளைகளும் முதியோரும் இல்லத்தை நடத்துபவரும்தான் அந்த ஊரில் உண்மையில் வாழ்கிறார்கள். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். தங்கவயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிறைகளும் குறைகளும் ஒருங்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

வேலை போனதால் புறநகரான ஊர்

பொதுவாக ஒரு பெருநகரம் விரிந்து, அருகிலுள்ள சிற்றூரைத் தொடும்போது அது புறநகராகிறது. தங்கவயலின் கதை வேறு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மூங்கில் தட்டி வீடுகளிலும் பிறகு 'லைன்' வீடுகளிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களைச் சுற்றியே குடியிருப்புகள் வளர்ந்தன. 1894இல் பங்காருபேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே. நெரிசலைக் குறைக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட்சன்பேட்டை நேர்த்தெருக்களோடு திட்டமிட்டு அமைக்கப்பட்டது.

மின்சாரமும் மருத்துவமனையும் தண்ணீரும் அந்த ஊருக்கு ஒரே வேலைக்காகவே வந்தன. 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்த சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபோது, ஊருக்கு ஆதாரமாக இருந்த ஒரே தூண் சாய்ந்தது. 1964இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியது. ஆயினும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அனைத்தையும் அது தாங்க இயலவில்லை. அடுத்த தலைமுறை, பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயில் ஏறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது. பெங்களூரு தங்கவயலை நெருங்கி வரவில்லை. வேலையிழந்த தங்கவயல்தான் பெங்களூருவைத் தேடிச் சென்றது.

குடிபெயர எண்ணும் குடும்பத்திற்கு இதில் முதற்பாடம் இருக்கிறது. ஒரே தொழிற்சாலையையோ ஒரே திட்டத்தையோ நம்பி நிற்கும் ஊரில், அந்த ஒன்று நின்றுபோனால் வேலை, வீட்டு மதிப்பு, கடைத்தெரு, பள்ளி ஆகிய அனைத்தும் ஒருசேரத் தளர்கின்றன. ஊர் எதுவாயினும், அங்கே பிழைப்புக்கு எத்தனை வழிகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிலோமீட்டரை விடுத்து மணிக்கணக்கைப் பாருங்கள்

தங்கவயல் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. இந்த எண்ணால் பயன் குறைவு. வீட்டு வாசலிலிருந்து பணியிட வாசல்வரை எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கைப் பணத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

நகரத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கு 40 லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது என்றும், தொலைவிலுள்ள ஊரில் 20 லட்சம் போதும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை எனில், முதற்கடனுக்கு மாதந்தோறும் சுமார் 34,700 ரூபாயும் இரண்டாவதற்குச் சுமார் 17,350 ரூபாயும் செலுத்த வேண்டும். மிச்சம் மாதம் 17,350 ரூபாய். இது சிறு தொகையன்று.

இப்போது நேரத்தைப் பார்ப்போம். நகரை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றால், 24 வேலைநாள்களுக்கு 48 மணி நேரம். தங்கவயலிலிருந்து ரயில், அதன்பின் பேருந்து அல்லது மெட்ரோ என்று ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்றால், மாதம் 120 மணி நேரம். கூடுதலாகச் செலவாவது 72 மணி நேரம். அதாவது ஒவ்வொரு மாதமும் மூன்று முழு நாள்கள். மிச்சமாகும் 17,350 ரூபாயை 72ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 240 ரூபாய் கிடைக்கிறது. ரயில், மெட்ரோ, இருசக்கர வாகனச் செலவுகளைக் கழித்தால் அது இன்னும் குறையும்.

இத்தொகை கூடுதலா குறைவா என்பதை வங்கி சொல்ல இயலாது. ஒரு வருமானத்தில் நான்கு பேர் வாழும் குடும்பத்திற்கு அது பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகலாம். கைக்குழந்தை உள்ள வீட்டிலோ, குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் தந்தையோ தாயோ வீட்டில் இல்லாமற்போவதன் விலையாகலாம். கணக்கைப் போட்டுப் பார்த்து, வீட்டிலுள்ள அனைவரும் அறிந்து ஒப்புக்கொண்டு முடிவெடுத்தால் போதும். போட்டுப் பார்க்காமல் பத்திரம் பதிந்தபின் வருந்துவதே கூடாது.

பணியிடம் எங்கே என்பதைப் பொறுத்து இக்கணக்கு வெகுவாக மாறும். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிருஷ்ணராஜபுரம் - ஒயிட்ஃபீல்டு மெட்ரோ தடம் திறக்கப்பட்டது. அதன் கிழக்கு முனையான காடுகோடி நிலையம் ஒயிட்ஃபீல்டு ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அப்பகுதியில் வேலை பார்ப்பவர் நகரின் மையம்வரை போகவேண்டியதில்லை. கோலாரை அடுத்த நரசாபுரா, வேமகல் தொழிற்பகுதிகளில் இருசக்கர வாகனத் தொழிற்சாலையும் கைப்பேசித் தொழிற்சாலையும் பெரும் எண்ணிக்கையில் ஆள் எடுக்கின்றன. அங்குப் பணிபுரிபவருக்குத் தங்கவயல் நல்ல தேர்வாகலாம். மின்னணு நகரத்திலோ பீன்யாவிலோ பணிபுரிபவருக்கு, நாள்தோறும் போய்வருவதாயின், அது தகாத தேர்வு என்றே நாம் கருதுகிறோம்.

வீட்டில் இருப்பவர்களின் கேள்விகள்

முதற்கேள்வி தண்ணீர். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. தங்கவயலுக்குப் பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் நீர்த்தேக்கம் நெடுங்காலம் நீர் தந்தது. நிலத்தடி நீரோ பல நூறு அடி ஆழத்திற்கு இறங்கிவிட்டது. ஆழம் கூடக்கூட ஃபுளோரைடும் கூடுவது இம்மாவட்டம் முழுவதிலும் அறியப்பட்ட சிக்கல். 2018ஆம் ஆண்டு முதல் பெங்களூருவின் கழிவுநீர் இரண்டு நிலைகளில் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்பப்படுகிறது. நிலத்தடி நீரை உயர்த்துவதே அதன் நோக்கம். அது நேரடிக் குடிநீர் அன்று. எனவே வீடு பார்க்கச் செல்வோர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. நகராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் வருகிறது, ஏப்ரல், மே மாதங்களில் லாரி நீருக்கு என்ன செலவாகிறது என்பவற்றைத் தரகரிடம் கேட்பதைவிட அதே தெருவில் குடியிருக்கும் இல்லத்தரசியிடம் கேட்பது மேல்.

இரண்டாவது, காற்று. தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய அரைத்த மணல் ஊரைச் சூழ்ந்து குன்றுகளாகக் குவிந்திருக்கிறது. 'சயனைடு மேடு' என்றே மக்கள் அவற்றை அழைக்கிறார்கள். காற்று வலுக்கும் நாள்களில் அந்த நுண்மணல் வீடுகளுக்குள் வருகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ள முதியவரோ வீட்டில் இருந்தால், மேட்டிலிருந்து எவ்வளவு தொலைவில், காற்றின் எந்தத் திசையில் வீடு அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஊர் ஒன்றுதான், ஆனால் உரிகத்தின் ஒரு தெருவும் ராபர்ட்சன்பேட்டையின் ஒரு தெருவும் வாழ்வுக்கு ஒன்றல்ல.

மூன்றாவது, மருத்துவம். ஒரு காலத்தில் சுரங்க நிறுவன மருத்துவமனையே இவ்வட்டாரத்தின் பெருமையாக இருந்தது. இன்று அவசர சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் கோலார் அருகே தமாகாவிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, ஆந்திர எல்லைக்குள் குப்பத்தில் உள்ளதையோ, பெங்களூருவையோ நாடுவோர் பலர். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால் யார் வண்டி ஓட்டுவார், எவ்வளவு நேரத்தில் சேரலாம் என்பதற்கு விடை இல்லாத வீட்டை, எழுபது வயதுப் பெற்றோரோடு வாழ்வோர் வாங்குவதை நாம் ஊக்குவிக்கமாட்டோம்.

நான்காவது, பள்ளியும் மொழியும். தங்கவயலின் தெருவில் தமிழ் ஒலிக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரால் இங்கிருந்தே மீண்டும் வெளிவந்தது. அதனை எண்ணித் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் மொழிச் சிக்கல் இராது என்று நினைக்கின்றன. கடைத்தெருவில் இராது என்பது மெய். ஆயின் கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு இது ஒரு செல்வம். இன்னொரு மொழி எளிதாகக் கைவரும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் மாறி வரும் பிள்ளைக்குப் பெருஞ்சுமை. பிள்ளையின் வகுப்பைப் பொறுத்துக் குடிபெயரும் ஆண்டைத் தீர்மானிப்பது அறிவுடைமை.

பத்திரம் பேசட்டும்

தங்கவயலில் நிலத்தின் வரலாறு மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. சுரங்க நிறுவனத்திற்கு உரிய நிலம் ஊரெங்கும் பரந்து கிடக்கிறது; நிறுவனக் குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உரிமைப் பத்திரத்திற்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 'அனுபவத்தில் இருக்கிறது', 'எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்' என்னும் சொற்களை நம்பி முன்பணம் கொடுப்பது ஆபத்து. அனுபவ உரிமை வேறு, விற்கும் உரிமை வேறு.

மூலப் பத்திரம், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, நகராட்சியின் இ-கத்தா ஆகியவற்றைக் கேளுங்கள். 'பி' கத்தா என்பது வரி செலுத்தும் பதிவே. மனை அனுமதி பெற்றது என்பதற்கு அது சான்றாகாது. ஊருக்கு வெளியே மனை வாங்குவோர், பஹணியில் விவசாய நிலமாக உள்ளது குடியிருப்பு நிலமாக முறைப்படி மாற்றப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆவணங்கள் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். தெரிந்தவர் வாய்மொழியாகச் சொல்லும் மொழிபெயர்ப்பு போதாது. கன்னடம் வாசிக்கும் வழக்கறிஞர் ஒருவர் முழுவதையும் படித்துச் சொல்லவேண்டும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்வது நம் கடமை. வங்கி கடன் மறுக்கும்போது வாடிக்கையாளர் வருந்துகிறார்; சிலர் அதிக வட்டிக்கு வெளியில் கடன் வாங்கி அதே மனையை வாங்கிவிடுகிறார்கள். பத்திரத்தில் குறை கண்டு வங்கி மறுத்தால், அந்த மறுப்பு செலவின்றிக் கிடைத்த எச்சரிக்கை. மேலும், 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரையும், 75 லட்சம் வரை 80 விழுக்காடும்தான் கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் ஆகியவை பொதுவாக அம்மதிப்பில் சேரா. கைப்பணம் முழுவதையும் முன்தொகையில் கொட்டிவிட்டு, குடியேறிய முதல் மாதத்தில் தண்ணீர்த்தொட்டிக்குக் கடன் தேடும் நிலை வரக்கூடாது.

வாக்குறுதிக்கு விலை கொடுக்கலாமா?

தங்கவயலைச் சுற்றிப் பல செய்திகள் உலவுகின்றன. பெங்களூரு - சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி ஒசகோட்டேயில் தொடங்கி மாலூர், பங்காருபேட்டை, பேத்தமங்கலம் பக்கமாகச் செல்கிறது. அப்பகுதி 2024இன் இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், மணல்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்கு மாநில அமைச்சரவை இசைவு தந்தது. தொழிற்பூங்கா வரும் என்ற பேச்சும் உண்டு.

இவற்றில் சாலை கண்முன் இருக்கிறது. அதற்கு உரிய விலையைக் கொடுக்கலாம். ஆயினும் அத்தகைய சாலையில் குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே ஏற இயலும் என்பதை மறவாதீர்கள். வயலுக்கு அப்பால் வண்டிகள் விரைவது தெரியும் மனை, சாலைக்கு அருகிலுள்ள மனை ஆகிவிடாது. மற்றவை வரும்வரை வாக்குறுதிகளே. சுரங்கம் மூடிய நாள் முதல் மீண்டும் திறக்கும் என்ற பேச்சு ஓயவில்லை. அதை நம்பிக் காத்திருந்தவர்களின் தலைமயிர் நரைத்துவிட்டது. விற்பவர் வருங்காலத்தைச் சொல்லி விலை கேட்டால், வாங்குபவர் இன்றைய வசதிக்கு மட்டுமே விலை பேசவேண்டும். வருங்காலம் வந்தால் அது ஊதியத்திற்கு மேற்பட்ட வரவு. வராவிட்டாலும் வீடு வீடாகவே இருக்கும்.

ஓராண்டு வாடகை என்னும் தேர்வு

குறைகளையே அடுக்கினோம் என்று தங்கவயல் வாழ் வாசகர்கள் எண்ணவேண்டா. நூறாண்டுக்கு மேலாகத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் அது. சுரங்கத்தில் ஒருவர் உயிரை மற்றொருவர் காத்த பழக்கத்தால் அண்டை வீட்டாரின் துணை அங்கே வெறும் சொல்லன்று. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் அமைந்ததால் கோடையும் தமிழகச் சமவெளியைப்போல் வாட்டுவதில்லை. பதினோராவது மாடியில் அடுத்த வீட்டார் பெயர் அறியாது வாழும் குடும்பத்திற்கு இவை எளிதில் வாங்கக் கிடைக்காத செல்வங்கள். குடும்பத்தில் ஒருவரேனும் வட்டாரத்திலேயே பணிபுரிந்து, பிள்ளைகள் சிறு வயதினராக இருந்து, பத்திரம் தெளிவாகவும் இருந்தால், தங்கவயலில் குடியேறுவதை நாம் மனமார வரவேற்போம்.

ஆனாலும் வாங்குவதற்கு முன் ஓராண்டு அங்கேயே வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதே நம் உறுதியான பரிந்துரை. அந்த ஓராண்டில் ஒரு கோடை வரும், தண்ணீர் தெரியும். காற்று மாதங்கள் வரும், மணல் தெரியும். ஒருமுறையேனும் வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் குன்றும். மருத்துவமனையின் தொலைவு தெரியும். பயணம் செய்பவர் மூன்று மாதத்தில் பழகிக்கொண்டாரா, அல்லது பெங்களூருவில் தனி அறை எடுத்து வார இறுதியில் மட்டும் வருபவராகிவிட்டாரா என்பதும் தெரியும். பின்னது நேர்ந்தால், ஒரு வீட்டை மிச்சப்படுத்தப் போய் இரண்டு வீடுகளை நடத்துகிறோம் என்று பொருள். ஓராண்டு வாடகை வீண் செலவு என்று சிலர் கூறுவர். 20 ஆண்டுக் கடனுக்கு முன் 12 மாத வாடகை என்பது, துணி எடுக்குமுன் முனையைப் பிடித்துப் பார்ப்பது போன்றதே.

இவ்விதி தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் இருந்து செங்கல்பட்டுக்கோ, கோவையிலிருந்து அன்னூருக்கோ, பெங்களூருவிலிருந்து ஓசூருக்கோ குடிபெயர நினைப்போர்க்கும் பொருந்தும். வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் வருமானம், வயது, சொத்தின் மதிப்பு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. பகல் முழுதும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவரின் விருப்பத்திற்கு இடமில்லை. அவ்விடத்தை விண்ணப்பிக்குமுன் வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள். மனைவியும் தாயும் பிள்ளையும் அந்தத் தெருவில் ஒரு முழு நாள் நடந்து, குழாய் நீரைக் குடித்துப் பார்த்து, பள்ளி வாசலில் நின்று பார்த்து, "இங்கே இருக்கலாம்" என்று சொன்னபின் கிளைக்கு வாருங்கள். விலையைப் பற்றி அப்போது பேசலாம்.